போகாத நான்கு இடங்கள்

வதனி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அதன் பட்டையை இழுத்துவிட்டபடி வாசலில் நின்று கேட்டாள்: "ஏங்க, அந்த அக்னாலெட்ஜ்மென்ட் அட்டை வந்துச்சா?"

"இன்னும் வரல. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துல தபாலெல்லாம் லேட்டுதான். நாளைக்குப் போஸ்ட்மேனைக் கேக்கறேன்."

"சரி. சாம்பார் வெளியிலயே இருக்கு. ஃபிரிட்ஜ்ல வெச்சிடுங்க."

எங்கள் வேங்கிக்கால் வீட்டில் நாங்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அது. அன்று பத்தரைக்கு வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பியவள் அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

அட்டை வருவதற்கு வழியே இல்லை. அவள் ரிஜிஸ்டர் தபாலில் போடச் சொன்ன கடிதத்தை நான் போடவில்லை. கலெக்டர் ஆபீசில் என் மேஜையின் கீழ் டிராயரில், பழைய பட்டா மனுக்களுக்கு அடியில் அது பதினேழு நாளாகக் கிடந்தது.

என் மனைவி மதிவதனி ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஜவ்வாது மலையில் முப்பது இடங்களைக் கயிறு கட்டி அளந்து, ஒவ்வொன்றிலும் எந்தச் செடி எத்தனை என்று எண்ணுவதுதான் அவளுடைய பிஎச்.டி. என் பைக்கில்தான் போனோம். இருபத்தாறு இடம் முடிந்தபோது எனக்குத் தேர்தல் வேலை வந்துவிட்டது. மிச்ச நான்கும் பஸ் போகாத இடங்கள். "மத்ததும் இதே மாதிரிதானே இருக்கும், எழுதிடு" என்றேன். எழுதினாள். பட்டம் வந்தது, வேலையும் வந்தது. அதற்கப்புறம்தான் உடன் வேலை பார்த்த கீதாஞ்சலியோடு சபைக்குப் போக ஆரம்பித்து, ஞானஸ்நானம் வாங்கினாள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. தடுக்கவும் இல்லை.

போன வருடம் அவளிடம் ஆய்வு செய்யும் கவிநிலா கொண்டுவந்த கணக்கில், அந்தப் பெண் போகாமலே எழுதிய இடங்கள் எவையென்று வதனி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். "அந்தப் பொண்ணைத் திட்ட வாயைத் தொறந்தேன். வார்த்தையே வரல" என்றாள் அன்று சாப்பிடும்போது. இரண்டு வாரம் ஜெபித்தாள். பிறகு பல்கலைக்கழகத்துக்கு உண்மையை எழுதப்போவதாகச் சொன்னாள். துறைத்தலைவர் பதவிக்கு அவள் பெயர் போயிருந்த நேரம்.

"உன் சாமிக்குத் தெரியும் இல்ல? அது போதாதா?"

"சாமிக்குத் தெரியும். யூனிவர்சிட்டி கன்ட்ரோலருக்குத் தெரியாதே" என்று சிரித்தாள்.

"வேலை போயிடும் வதனி."

"போகட்டும். யாரோ கண்டுபிடிச்சுப் போறதவிட, நானா சொல்லிப் போகட்டும்."

ஒட்டிய உறையை என்னிடம் கொடுத்து, ரிஜிஸ்டர் தபாலில் போடச் சொன்னாள். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது, போட்டாச்சு என்றேன். கொஞ்ச நாளில் மனம் மாறிவிடுவாள் என்று நினைத்தேன்.

கீதாஞ்சலியிடமும் சொல்லித் தனக்காக ஜெபிக்கக் கேட்டிருக்கிறாள். புதன்கிழமை மதிய இடைவேளையில் ஆறேழு ஆசிரியர்கள் ஆய்வகத்தில் கைகோத்து நின்று ஜெபிப்பது வழக்கம். வதனி இறப்பதற்கு முந்தின வாரப் புதனன்று கீதாஞ்சலி கண்ணை மூடிக்கொண்டு உரக்க வேண்டினாள்: "ஆண்டவரே, எங்க வதனி சிஸ்டர் போகாத நாலு இடத்துக்குப் போனதா தீசிஸ்ல எழுதிட்டாங்க. அவங்கள மன்னியும். அதை ஒத்துக்கத் தைரியம் தாரும்." எல்லோரும் ஆமென் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் கல்லூரி முழுக்கத் தெரிந்துவிட்டது.

பிரின்சிபால் கூப்பிட்டுக் கேட்டார். "நானே எழுதிப் போட்டுட்டேன் சார்" என்று தேதியோடு சொன்னாள். அவர் அவள் எதிரிலேயே பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தார். அப்படி எதுவும் வரவில்லை என்றார்கள். "மாட்டினதுக்கப்புறம் கதை சொல்றீங்களாம்மா?" என்றாராம். கீதாஞ்சலியைப் பொறுப்புத் துறைத்தலைவராகப் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான்தான் கத்தினேன். "ஜெபம்ங்கற பேர்ல போட்டுக் கொடுத்துட்டா பார். இவளைப் போய் நம்பின!"

"அவளுக்கு ஜெபத்துல எதையும் மறைக்கத் தெரியாதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் துக்க ஜெபத்துக்குக் கீதாஞ்சலி வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எல்லோரும் போன பிறகும் அவள் போகவில்லை.

"அண்ணா, நான் செஞ்சது தப்புதான்."

"தப்பா? சீட்டு கெடச்சுதே, அப்புறம் என்ன?"

அவள் சொன்னாள்: "செவ்வாக்கெழம நானும் அக்காவும் போஸ்ட் ஆபீஸ் போனோம். அந்தத் தேதில அப்படி ஒரு ரிஜிஸ்டர் தபாலே புக் ஆகலன்னு பாத்துச் சொன்னாங்க. உங்ககிட்ட நான் கேக்கறேன்னேன். அக்கா வேணாம்னுட்டாங்க. 'அவரே சொல்லுவாரு'ன்னாங்க."

வதனி இறந்தது வியாழக்கிழமை. கீதாஞ்சலி மேல் எனக்கிருந்த கோபம் அப்போதும் போகவில்லை, இப்போதும் போகவில்லை. ஆனால் என்னைப் பற்றி அவளோடு பேசிவிட்டு வந்து, வதனி வாசலில் நின்று அட்டை வந்துச்சா என்று கேட்டிருக்கிறாள். அதையும் என்னால் தாங்க முடியவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஆபீஸ் போன முதல் நாளே கடிதத்தை அனுப்பினேன். தாமதத்துக்கு நானே காரணம் என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்தேன். அந்தத் தாளின் நகலைப் பிரின்சிபாலிடம் நேரில் கொடுத்தேன். படித்துவிட்டு என் தோளைத் தொட்டார். "மேடத்துக்காக இவ்ளோ தூரம் செய்றீங்க. நல்ல மனசு சார் உங்களுக்கு" என்றார். அவர் நம்பவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. ஆய்வாளர் காலமாகிவிட்ட நிலையில் மேல்நடவடிக்கை ஏதும் தேவையில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது. இருபது வருடமாக இப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதுகிறவன் நான். கோப்பை மூடிவிட்டார்கள் என்று அர்த்தம்.

அவளுடைய ஆய்வேடு இணையத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நேற்றும் திறந்து பார்த்தேன். நூற்றுப் பதினெட்டாம் பக்கம், அட்டவணையின் கடைசி வரிகள். இருபத்தொன்பதாவது இடத்துக்கு எத்தனை போடுவது என்று அவள் பேனாவோடு காத்திருந்தபோது, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு எண் சொன்னேன். பதினோரு நெல்லிக்கன்றுகள். அவை அங்கே அப்படியே நிற்கின்றன.