ஆடாத சட்டை

கொக்கிக்காரர் என்றால்தான் அவரை ஆட்களுக்குத் தெரியும். விளக்கோ விளம்பரப் பலகையோ, கூரையிலிருந்து எதைத் தொங்கவிட வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உயரத்தில் நிற்கிறவன் சாமியை நம்புவதைவிடக் கொக்கியை நம்புவது உத்தமம் என்பார். முப்பது வருடத்தில் ஒரு திருகாணிகூட அவர் கையிலிருந்து விழுந்ததில்லை. அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

நகராட்சிக் கட்டடத்தின் நடுக்கூடத்தில், ஐந்து மாடி உயரக் கண்ணாடிக் கூரையின் கீழ் அந்தச் சட்டைகளைத் தொங்கவிட்டதும் அவர்தான். இறந்துபோனவர்களின் சட்டை ஒன்று கொடுங்கள் என்று அந்தக் கண்காட்சியை அமைத்த ஓவியக்கார அம்மா ஊரைக் கேட்டிருந்தார். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு சட்டைகள், ஒவ்வொன்றும் மெல்லிய கம்பியில். கடைசி நாளில் ஒரு குடும்பம் மனம் கேட்காமல் தன் சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட, ஒரு கொக்கி காலியானது. மறுநாள் கொக்கிக்காரர் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்றைக் கொண்டுவந்து அதில் மாட்டினார். ஏழு வருடத்துக்கு முன் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், திரும்பியே வராத மகனுடையது. மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் விட்டிருப்பாளா?

அவரைப் பொறுத்தவரை அந்த விஷயம் முடிந்துவிட்டது. முடிந்ததாக வைத்துக்கொள்ளாவிட்டால் காலையில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை, அவ்வளவுதான்.

திறப்பு விழாவுக்கு வந்த மனைவி அத்தனை சட்டைக்கு நடுவிலும் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். பெற்றவளாயிற்றே.

"உயிரோட இருக்கிற புள்ளைய செத்தவங்களோட மாட்டி வச்சிருக்கீங்களே, எப்படிங்க கை வந்துச்சு?"

மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் வெளியே போய்விட்டுச் சிரித்த முகமாக வந்தாள். அவருக்கு அதுதான் பயமாக இருந்தது.

"ஏங்க, கவனிச்சீங்களா? எல்லாச் சட்டையும் ஆடுது. நம்ம புள்ளையோடது மட்டும் ஆடல."

"ஏசி காத்தா இருக்கும்."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, ஏசி ஏது? காவலாளி கிட்டச் சொல்லித்தான் உள்ளயே போனேன். கதவெல்லாம் சாத்தியிருக்கு, அப்பவும் ஆடுது. செத்தவங்களோடது ஆடுது. இவன் எங்கேயோ நல்லா இருக்காங்க."

அது ஏன் ஆடவில்லை என்பது அவருக்குத் தெரியும். பக்கத்திலிருந்த தீயணைப்புக் குழாயில் உரசியதால், அதன் கீழ் விளிம்பைத் தூண்டில் நரம்பால் பின்னாலிருந்த தூணோடு இழுத்துக் கட்டியிருந்தார். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். அவளோ எத்தனையோ காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே விழுங்கிவிட்டார்.

ஆனால் மற்றவை ஏன் ஆடுகின்றன? சூடான காற்று மேலே போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். காற்றென்றால் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய வேண்டும். இவையோ கூட்டத்தில் யாரையோ தேடுகிறவர்களைப்போல ஒவ்வொன்றும் தன் போக்கில் மெல்லத் திரும்பின. அங்கே போனால் நிமிர்ந்து பார்ப்பதையே அவர் விட்டுவிட்டார்.

ஒரு மாதம் கழித்து ஓவியக்கார அம்மா கூப்பிட்டார். "அந்த நீலக் கட்டம் மட்டும் விறைச்சுக்கிட்டு நிக்குது. குழாயைத்தான் மாத்திட்டாங்களே, அந்த நரம்பை அறுத்து விடுங்க."

ஞாயிறு மதியம். ஏசி ஓடவில்லை. லிஃப்ட் வண்டியின் கூடையில் ஏறி மூன்றாம் மாடி உயரத்துக்குப் போனபோது கீழே மனைவி வந்து நின்றாள். காவலாளி உளறிவிட்டிருந்தான்.

"கட்டியா வச்சிருந்தீங்க?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஆமா."

"அறுங்க," என்றாள். "நான் பாக்க மாட்டேன். நீங்க பாத்துச் சொல்லுங்க. பொய் மட்டும் சொல்லாதீங்க." இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நரம்பை வெட்டினார். சட்டை அசையவில்லை. இன்னும் அசையவில்லை. 'இருடா, அப்படியே இருடா' என்று அவர் வாய் தானாக முணுமுணுத்தது. முடிந்துபோன விஷயம் என்று சொல்லித் திரிந்த மனிதர்! தானும் ஏழு வருடமாகக் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

இடது கைப்பகுதி மெல்ல உயர்ந்தது. சட்டை தானாக அவர் பக்கம் திரும்பியது. சுற்றிலும் மற்ற சட்டைகள் அத்தனையும் சட்டென்று ஆட்டத்தை நிறுத்திவிட்டன.

"ஆடுதாங்க?"

பாய்ந்து அதன் விளிம்பைப் பிடித்தார். துணி அவர் கைக்குள்ளிருந்து இழுத்தது. கூடையின் பக்கத் தகட்டுக்குப் பின்னால் கையை மறைத்து, பலங்கொண்ட மட்டும் பிடித்துக்கொண்டார்.

"இல்லம்மா. ஆடல."

"நிஜமா?"

"நிஜமா. நீயே பாரேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். "சரி, இறங்கி வாங்க. வீட்டுக்குப் போலாம்."

"நீ முன்னால போம்மா," என்றார் அவர். "எனக்கு இங்க இன்னும் வேலை இருக்கு."