பாவாடையின் இறப்புச் சான்று

நான் செங்கொடிக்காரன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெட்டியார்பாளையம் கூட்டத்துக்குப் பிறகு ஊரில் பாதிப் பேர் என்னைப் பற்றி அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். ஐம்பத்தொன்பதாம் வருஷத் தேர்தலில் நான் ஓடியாடி வேலை செய்தது மர டிப்போ ராமலிங்கத்துக்கு. கடைசியில் ஓட்டுப் போட்டதும் அவருக்குத்தான்.

என் பெயர் சக்கரபாணி. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் பதிகிற எத்தா சிவில் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். அந்த வேலையால் ஊரில் எல்லோரும் என்னை 'முசே' என்பார்கள், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். அங்கே ஒரு தேதி தப்பாக விழுந்தால்கூட இஷ்டத்துக்கு அடித்துத் திருத்த முடியாது. ஓரத்தில் குறிப்பு எழுதி, சம்பந்தப்பட்டவர்கள் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. ஒரே நாளில் உலகத்தைப் புரட்டிப் போடுகிறேன் என்று கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு அன்றும் ஆகாது, இன்றும் ஆகாது. முப்பத்தாறில் ஆலை வேலைநிறுத்தம் முற்றியபோது, உள்ளே பஞ்சு எடை பார்த்துக்கொண்டிருந்த என் மைத்துனன் கல்லடி பட்டு ஒரு கண்ணை இழந்தான். பட்டாளம் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களில் பாவாடை என்ற தொழிலாளியின் சாவைப் பதிந்தவன் நான்தான்.

ராமலிங்கம் முதல்முறையாகத் தேர்தலில் நிற்கிறவர். பணம் இருந்தது, பொறுமை இல்லை. செங்கொடிக்காரர்களைத் திட்டித் தீர்த்தால் ஜெயித்துவிடலாம் என்று நினைத்தார். நான் வேறு வழி சொன்னேன்.

"அவங்க செத்தவங்களப் பத்திப் பேசட்டும். நீங்க உயிரோட இருக்கறவங்களப் பத்திப் பேசுங்க. ரோடு, தண்ணிக் கொழா, நெல்லு வெல. வீடு வாசல்னு ஒண்ண வச்சிருக்கறவன் நாளைக்கும் இதே மாதிரி அமைதியா விடியணும்னுதான் நெனப்பான். அந்த தைரியத்தக் குடுங்க, ஓட்டு தானா வரும்."

பத்து நாள் என் பேச்சைக் கேட்டு நடந்தார். ஜூலை முப்பதாம் தேதி வந்தது. ஆலைத் தியாகிகளுக்கு வருஷா வருஷம் அஞ்சலி செலுத்துகிற நாள். செங்கொடிச் சங்கத்து வடிவேல் மேடையேறி, "பாவாடை மார்பைத் திறந்து காட்டிக் குண்டை வாங்கினார்" என்று முழங்கினான். கூட்டத்தில் பெண்கள் அழுதார்களாம். மறுநாள் காலை டிப்போவில் ராமலிங்கம் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. "பாவாடை சாவ எழுதுனதே நாந்தான். அதுல குண்டுன்னு ஒரு வார்த்த கெடயாது. வூட்டுல செத்தாருன்னுதான் இருக்கு" என்றேன். பெருமைக்காகச் சொன்னது. நாலு பேர் முன்னால் எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்கிற சின்னப் புத்தி.

ராமலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் நோட்டீஸ் அச்சாகிவிட்டது: 'பாவாடை செத்தது வீட்டில்! பிரெஞ்சு ஆவணமே சாட்சி! எழுதியவரே மேடையில் படிப்பார்!'

நோட்டீஸைப் பார்த்ததும் டிப்போவுக்கு ஓடினேன்.

"எல்லாருக்கும் அப்பிடித்தாங்க எழுதுவோம். வெட்டுப்பட்டுச் செத்தாலும், குண்டு பட்டுச் செத்தாலும் அத இறப்புப் பதிவுல எழுதக் கூடாதுன்னு சட்டம். பேரு, வயசு, எடம், நேரம், அவ்வளவுதான். குடும்பத்துப் பேரு கெடாம இருக்கறதுக்காக வச்சது. அந்த ஆளு ஆலை வாசல்ல சுடப்பட்டு, வூட்டுக்குத் தூக்கியாந்த பெறகு செத்தவரு."

"சட்டத்த யாரு கேக்கப் போறாங்க முசே? இருக்கறத அப்பிடியே படிங்க. நான் ஒங்களப் பொய்யா சொல்லச் சொல்றேன்?"

இருப்பதைப் படிப்பது பொய்யாகாது என்று நானும் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அலுவலகத்தில் இருபத்தைந்து வருஷம் அப்படித்தானே பிழைத்தேன்.

கூட்டம் மறுநாள் ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டோரம், சாயங்காலம் ஐந்து மணிக்கு. நல்ல கூட்டம். வடிவேலின் ஆட்களும் ஓரமாக வந்து நின்றிருந்தார்கள். ராமலிங்கம் பேசி முடித்து என்னை அழைத்தார். அலுவலகத்திலிருந்து எடுத்த இறப்புப் பதிவின் நகல் என் கையில் இருந்தது. எழுந்து நின்று கண்ணாடியைப் போட்டேன்.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து மேடைக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், தலை பாதி நரைத்திருந்தது. பாவாடையின் மனைவி அஞ்சலாட்சி. தடுக்கப் போனவர்களை அவள் சட்டை செய்யவில்லை. மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துப் பிரித்து, மடிப்பு மடிப்பாக நைந்துபோன காகிதத்தை என்னிடம் நீட்டினாள்.

"ஒங்க கையில இருக்கறது வேணாம் முசே. இதப் படிங்க. இது நீங்க எனக்கு எழுதிக் குடுத்தது. இதுல எல்லாம் இருக்குது. அவர சுட்டாங்கன்னு பிரெஞ்சுல இருக்குது. படிங்க, இவங்களும் கேக்கட்டும்."

என் கையெழுத்துதான். இரண்டும் ஒன்றுதான், ஓர் எழுத்துகூட மாறாது.

முப்பத்தாறில் கலவரத்தால் டாக்டர் வர முடியாமல், சாவை நேரில் பார்த்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். பாவாடையின் உடலைச் சிரமப்பட்டுப் புரட்டிக் காட்டினார்கள், பார்த்தேன். மறுநாள் அவள் சான்று வாங்க வந்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண். "எப்பிடிச் செத்தாருன்னு எழுதிட்டீங்களா முசே?" என்று கேட்டாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. சட்டத்தை விளக்க எனக்குப் பொறுமை இல்லை. "எல்லாம் எழுதியாச்சு, போ" என்றேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இருபத்து மூன்று வருஷமாக அந்தப் பேச்சை நம்பி இந்தக் காகிதத்தை மடியில் வைத்திருக்கிறாள்.

படித்தேன். முதலில் பிரெஞ்சில், பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில். பெயர், வயது, தகப்பன் பெயர், வீடு, மாலை நான்கு மணி. முடிந்ததும் ராமலிங்கம் கை தட்டினார். அஞ்சலாட்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் வரும் என்று காத்திருந்தாள்.

"அவ்வளவுதான்மா இருக்கு" என்றேன். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். "சாவு எப்பிடி வந்துச்சுன்னு இதுல எழுதக் கூடாதுன்னு சட்டம். இந்தம்மா அன்னிக்கி கேட்டுது. எழுதியாச்சுன்னு நான் பொய் சொன்னேன். பாவாடை குண்டு பட்டுத்தான் செத்தாரு. காயத்த என் கண்ணால பாத்தேன். மாருல இல்ல, முதுகுல. கையில சோத்துத் தூக்கோட வூட்டுக்குத் திரும்பி ஓடுன ஆளச் சுட்டிருக்காங்க."

ராமலிங்கத்தின் கை அந்தரத்தில் நின்றது. அஞ்சலாட்சி மட்டும் பேசினாள்.

"முதுகுலதான். நாந்தான குளிப்பாட்டுனேன்."

காகிதத்தைத் திருப்பி வாங்கி மடித்தாள். "அப்ப இத்தினி வருஷமா இதுல அது இல்லவே இல்லியா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் இல்லையென்று தலையாட்டினேன். அவள் இறங்கிப் போய்விட்டாள்.

அன்றே ராமலிங்கம் என்னை டிப்போப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். இதைச் சொல்லாமல் விடக் கூடாது: நோட்டீஸ் வேலைக்கு ஆகாமல் போனதால், கடைசி வாரம் முழுக்க ரோடு, குழாய், நெல் விலை என்றே பேசினார். பேசித்தான் ஜெயித்தார். எனக்கு ஒரு வாய்த் தேநீர்கூட அனுப்பவில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் காலை வடிவேல் வீடு தேடி வந்தான்.

"ஐயா, நீங்க எங்க மேடையில ஒரு தடவ பேசணும். குண்டு பட்டத நேருல பாத்தவருன்னு போஸ்டர் போட்டுடறோம். முதுகுங்கறத மட்டும் விட்டுடுங்க. மார்புன்னே இத்தினி வருஷமா சொல்லிட்டோம், ஜனங்க மனசுல அப்பிடியே பதிஞ்சிருக்குது."

"ராமலிங்கம் குண்ட விட்டுடச் சொன்னாரு. நீ முதுக விட்டுடச் சொல்ற. ரெண்டு பேரும் ஒரே கட்சியில சேந்துக்குங்கப்பா" என்றேன். முறைத்துக்கொண்டே போனான்.

அவன் போன சிறிது நேரத்தில் அஞ்சலாட்சி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அந்தக் காகிதத்தை மேஜைமேல் பின்புறமாகத் திருப்பி வைத்தாள்.

"அன்னிக்கி எழுதாதத இப்ப எழுதிக் குடுங்க. பின்னால எடம் இருக்குது."

"முத்திர போட்ட காயிதத்துல யாரும் கைய வைக்கக் கூடாதும்மா. நானும் வைக்க மாட்டேன். வேற தாள்ல எழுதித் தர்றேன்."

"எதுலன்னா எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க."

வெள்ளைத் தாளை எடுத்துப் பேனாவை மையில் தொட்டு எழுதினேன். பதிவேட்டுக்கு எழுதுகிற அதே நிதானத்தோடு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

'1936 ஜூலை 30 அன்று, வேலைநிறுத்தத்தின்போது பட்டாளம் சுட்டதில், வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆலைத் தொழிலாளி பாவாடை முதுகில் குண்டு பட்டு, மாலை நான்கு மணிக்குத் தன் வீட்டில் இறந்தார். காயத்தை நேரில் பார்த்தேன். இதை எழுதியாகிவிட்டது என்று அப்போது அவர் மனைவியிடம் பொய் சொன்னேன். இப்போதுதான் எழுதுகிறேன். சக்கரபாணி, முன்னாள் குமாஸ்தா.'

மை காய ஊதிவிட்டு நீட்டினேன். "இந்தாம்மா, எல்லாம் எழுதியாச்சு."

வார்த்தை வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் வாங்கவில்லை.

"படிங்க முசே."

படித்தேன். முதுகில் என்ற இடத்தில் தலையை ஆட்டினாள். பிறகு தாளை வாங்கிக்கொண்டாள். வாசலைத் தாண்டி நேரே எதிர்ச்சாரியில் இருந்த தையல் கடைக்குப் போனாள். மிதித்துக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தச் சொல்லி, தையல்காரன் கண்ணையன் கையில் தாளைக் கொடுத்தாள்.

"இதுல இன்னா இருக்குதோ அத அப்பிடியே படி."

கண்ணையன் எழுத்துக் கூட்டிப் படித்தான். என் வாசலில் நின்று நானும் கேட்டேன். நான் பொய் சொன்னதை அவன் சத்தமாகப் படித்தபோது தெருவில் போன இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் உள்ளே போகவில்லை. கடைசியில் என் பெயரைப் படித்து முடித்தான்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

"அவ்வளவுதான்க்கா."

ஒரு வரிகூடக் குறையவில்லை என்று தெரிந்த பிறகுதான், அஞ்சலாட்சி என் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.