பார்த்துச் சொன்னால் போதும்

பிணவறை ஊழியர் துணியை மார்புவரை மட்டும் இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"நல்லா பாத்துச் சொல்லுங்கம்மா. இவர்தானா?"

"எங்கப்பாதான்."

அவர் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். எண், கொண்டுவந்த நேரம், அடையாளம் காட்டியவர், உறவு. அதற்குள் அவள் பையைத் திறந்து அப்பாவின் அடையாள அட்டையை நீட்டியிருந்தாள். அவர் அதை வாங்கவில்லை.

"அது எதுக்கும்மா? பெத்த மக, நீங்க பாத்துச் சொன்னா போதும். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். அட்டையைத் திரும்பப் பைக்குள் வைக்கத்தான் நேரம் பிடித்தது. பையின் வாய் திறந்துதான் இருந்தது.

திங்கட்கிழமை இதே அட்டையை இதே கையில் வாங்கி, செல்லாது என்று சொன்னவள் அவள்தான்.

நூலகத்தில் எழுத்தர் வேலை அவளுக்கு. தேர்தல் வந்தால் வாக்குச் சாவடியில் முதல் மேசை. முதல் மேசை என்பது ஒரு சல்லடை. வருகிறவர் பெயரை உரக்கப் படிக்க வேண்டும். எதிர் பெஞ்சில் இருக்கும் கட்சி முகவர்கள் கையிலும் அதே பட்டியல் உண்டு. அவர்களும் கேட்டுக் குறித்துக்கொள்ளத்தான் அந்த உரத்த குரல். பிறகு அட்டையில் உள்ள முகத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் ஒப்பிட வேண்டும். கடைசியாக அட்டையைத் திருப்பித் தேதி பார்க்க வேண்டும். எல்லாம் சரியென்றால் பெயரின் மேல் ஒரு கோடு. ஆள் அடுத்த மேசைக்குப் போகலாம்.

தேதி பார்ப்பது இந்த முறைதான் புதிது. போன தேர்தல்வரை முகம் ஒத்துப்போனால் விட்டுவிடுவார்கள். காலாவதியான அட்டை இனி ஆகாது என்று பயிற்சி வகுப்பில் சொன்னபோது, அதை நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டுக்கொண்டாள். வீட்டில் அந்த நோட்டு மேசை மேல் கிடந்தது. அப்பாவின் அட்டை பக்கத்து அலமாரியில் இருந்தது. நடுவில் இருந்த நாலடி தூரத்தை அவள் மனசு கடக்கவே இல்லை.

இத்தனைக்கும் புது அட்டை தயாராகி மூன்று வாரம் ஆகியிருந்தது. அட்டை அலுவலகத்திலிருந்து அவள் கைப்பேசிக்குத்தான் செய்தி வந்தது. செவ்வாய், வியாழன் மட்டும், பத்திலிருந்து ஒரு மணிவரை, உரியவர் நேரில் வர வேண்டும். இரண்டு நாளும் அவளுக்கு நூலகம். தேர்தல் வேலை முடியட்டும், நிதானமாகக் கூட்டிப்போகலாம் என்று இருந்துவிட்டாள்.

திங்கட்கிழமை அவளுக்குப் போட்டிருந்ததே வேறு சாவடி. காலையில் ஓர் ஆள் வராததால் கடைசி நிமிஷத்தில் சொந்தப் பகுதிக்கு மாற்றினார்கள். பதினொரு மணிக்குள் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தாள். ஒருத்தி தையல்காரி; கல்யாணத்துக்குப் பிறகு பட்டியலில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர். இன்னொருவர் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். சாக்கு உரசி உரசி விரல் ரேகை தேய்ந்து, புது அட்டைக்குக் கைரேகை எடுக்கும் இயந்திரம் மூன்று தடவையும் அவரை ஏற்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நெகிழித் தாளில் சுற்றிய பழைய அட்டையை எடுத்துக் காட்டினார்.

"முப்பது வருஷமா இங்கதாம்மா போடறேன்."

"தெரியுதுண்ணே. தேதி முடிஞ்சிருச்சே."

அவர் அதை மறுபடி சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வரிசையில் யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

அதற்குப் பிறகு வந்தவர் அப்பா. ஊருக்கு அவர் தராசுக்காரர். கடைகடையாகப் போய்த் தராசு பழுதுபார்த்தவர். சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்துப் பொத்தான்வரை மாட்டியிருந்தார்.

"அட்டை குடுங்க" என்றாள். அப்பா என்ற சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"விடியக்காலையில எனக்கு டீ போட்டு வச்சுட்டுத்தானே வந்தே? அதுக்குள்ள நான் யாருன்னு மறந்துபோச்சா?"

வரிசை சிரித்தது. அவளும் பாதி சிரித்தபடியே அட்டையைத் திருப்பினாள். தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சிரிப்பு அந்தப் பாதியிலேயே நின்றது.

"இது செல்லாதுப்பா. காலம் முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சது அட்டைக்குத்தானே. நான் இருக்கேனே."

முகவர் ஒருவர் பெஞ்சிலிருந்தே சொன்னார்: "தராசுக்காரரை யாருக்குத் தெரியாது? விடுங்கம்மா, எங்க பக்கம் ஆட்சேபணை இல்ல." அடுத்தவரும் தலையாட்டினார்.

சாவடி அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தெரியும்ங்கிறதை எந்தக் கட்டத்துலங்க எழுதறது?"

அவளுக்கு வாசல் வழியாகத் தெரு தெரிந்தது. மூட்டைக்காரர் அதில்தான் போயிருந்தார். இப்போது அப்பாவுக்குக் கோடு போட்டால், நாளைக்கு அந்த மனிதரை எந்த முகத்தோடு பார்ப்பது?

அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவளைக் காப்பாற்றுகிற மாதிரி, வரிசைப் பக்கம் திரும்பினார்.

"அவ சொல்றது சரிதான். முத்திரை முடிஞ்ச தராசு சுத்தமா நிறுத்தாலும் அதுல நிறுக்கக் கூடாது. கடைகடையா நான்தானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எத்தனை பேர் என்னைத் திட்டியிருப்பாங்க."

தராசுத் தண்டில் ஒரு சின்னக் குழி இருக்கும். அதில் ஈயத்தை அடைத்து, ஈயத்தின் மேல் அந்த வருஷத்தைக் குத்துவார்கள். முள் இம்மி பிசகாமல் நிற்கலாம். ஈயத்தில் பழைய வருஷம் இருந்தால் அந்தத் தராசு கடையில் தொங்கக் கூடாது. ஒரு கடைக்காரர் அழாத குறையாகக் கேட்டும் அப்பா தராசை இறக்கி வைத்துவிட்டு வந்ததை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள்.

இப்படி நிற்பவர்களுக்கு விதியில் ஒரு பக்கவாசல் உண்டு. வாக்குச் சீட்டைப் பெட்டியில் போடாமல் உறையில் இட்டு ஒட்டி, மேலே பெயரும் வரிசை எண்ணும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வியாழன் மாலை ஐந்துக்குள் தேர்தல் அலுவலகத்தில் செல்லுபடியாகும் அட்டையைக் காட்டினால் உறை பிரியும், ஓட்டு எண்ணிக்கையில் சேரும். காட்டாவிட்டால் எண்ணப்படாமல் உறை ஒட்டியபடியே கட்டுக்குள் போகும். மூட்டைக்காரர் போவதற்கு முன் அவருக்கும் இதைச் சொல்லியிருந்தாள். படிவத்தின் நீளத்தைப் பார்த்துவிட்டு அவர் வேண்டாமென்றார். அப்பா உட்கார்ந்து எழுதினார். உறையின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவி நீவி ஒட்டினார்.

பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு அவள் வீடு திரும்பியபோது செவ்வாய் விடிந்துவிட்டது. படுத்தவள் எழுந்தபோது மணி ஒன்றரை.

"எழுப்பியிருக்கலாமில்லப்பா? ஆபீஸ் மூடியிருப்பாங்களே."

"கண்ணெல்லாம் செவந்துபோய் வந்த புள்ளைய எழுப்பவா? வியாழக்கிழமை பத்து மணிக்கு நாமதான் முதல் ஆளு. அஞ்சு மணிக்குள்ள நூறு தடவை காட்டலாம்."

புதன் மாலை முகம் கழுவப் போனவர் குழாயடியில் சாய்ந்தார். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

இன்றைக்கு வியாழன்.

பிணவறை வாசலில் தம்பி வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான். அஞ்சு மணிக்கு எடுப்பதாக எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

"நீ அப்பாகூடப் போடா. நான் ஒரு இடம் போயிட்டு வந்துடறேன்."

"இப்ப எங்கக்கா?"

"அப்பா வேலைதான்."

அட்டை அலுவலகத்தில் அவளுக்குக் கிடைத்த டோக்கன் நாற்பத்தொன்று. அழைத்தபோது மணி பன்னிரண்டேகால். கைப்பேசியில் இருந்த எண்ணைப் பார்த்து, கவுன்ட்டர் பெண் நீளமான தட்டிலிருந்து அட்டையை உருவினாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா இருந்தார். படம் எடுத்தவர் சிரிக்க வேண்டாமென்று சொல்லியிருப்பார். வாய் கேட்டிருந்தது, கண் கேட்கவில்லை.

"அவர் வரலையா?"

"வர முடியாது."

"உடம்பு முடியலையா? அப்ப அவர் கையெழுத்துப் போட்டு, மகள்கிட்ட குடுக்கலாம்னு ஒரு லெட்டர் போதும்க்கா." ஒரு வெள்ளைத் தாளைத் தடுப்பின் அடியில் நகர்த்தினாள். "சில பேர் வெளிய ஆட்டோலயே உக்காந்திருப்பாங்க. வாங்கிட்டு வாங்க, வெயிட் பண்றேன்."

அவள் தாளை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனாள். அப்பாவின் கையெழுத்து அவளுக்கு அத்துப்படி. பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் இரண்டு தடவை அவளே போட்டிருக்கிறாள். இரண்டாவது தடவை பிடிபட்டாள். 'நீ போட்டது என்னோடதைவிட அழகா இருக்கு, அதான் மாட்டிக்கிட்டே' என்று சொன்னதோடு சரி, அப்பா அடிக்கவில்லை. ஒரு நிமிஷ வேலைதான். தேர்தல் அலுவலகத்துக்கு இங்கிருந்து இரண்டு நிறுத்தம்.

பேனாவின் மூடியைக் கழற்றினாள். திரும்ப மாட்டினாள்.

வெள்ளைத் தாளையும் மருத்துவமனை கொடுத்த இறப்புச் சீட்டையும் சேர்த்துத் தடுப்பின் அடியில் வைத்தாள்.

"நேத்து சாயங்காலம் தவறிட்டாங்க."

அந்தப் பெண் சீட்டைப் படித்தாள். குரல் இறங்கியது. "அப்படின்னா கார்டை ரத்து பண்ணித்தான்க்கா குடுக்கணும். ஞாபகத்துக்கு வச்சுக்கறதா இருந்தா."

"ரத்து பண்ணாம அஞ்சு மணி வரைக்கும் குடும்மா. திங்கக்கிழமை உயிரோட இருக்கும்போது போட்ட ஓட்டு. உறையில கிடக்கு. காட்டிட்டு நானே கொண்டுவந்து தர்றேன்."

"நீங்க என்ன வேலைக்கா பாக்கறீங்க?"

"அன்னைக்கு அந்தச் சாவடியில முதல் மேசை."

அந்தப் பெண் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். கோபமாகவும் இல்லை, ஏளனமாகவும் இல்லை.

"இந்த நாற்காலியில நீங்க இருந்தா குடுப்பீங்களாக்கா?"

அவள் தடுப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

அட்டையின் மூலை சின்னக் கத்தரிப் பொறியின் வாய்க்குள் போனது. கைப்பிடியை அழுத்தியபோது நகம் வெட்டும் சத்தம்தான் கேட்டது.

வீட்டில் படம் வைப்பதற்காகத் தம்பி அந்த அட்டையை வாங்கிக்கொண்டு பெரிதாக்கக் கடைக்கு ஓடினான். போகிற போக்கில் திருப்பிப் பார்த்தான்.

"இன்னும் பத்து வருஷம் போட்டிருக்கேக்கா. மூலை ஏன் இப்படி?"

"படத்துல தெரியாது. போ."

வருகிறவர்களை உள்ளே அனுப்ப ஓர் ஆள் வேண்டும் என்று அவளை வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். பழைய கடைக்காரர்கள் வந்தார்கள். அன்றைய முகவர்கள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்தார்கள். முன்னறைக் கடிகாரம் அவள் நின்ற இடத்துக்குத் தெரிந்தது. பார்க்காமல் இருக்கத்தான் முடியவில்லை. ஐந்தடிக்க எட்டு நிமிஷம் இருக்கும்போது, சந்தையிலிருந்து நேராக வந்தவர் போல, தோளில் சாக்குத் தூசியோடு மூட்டைக்காரர் படியேறினார். தலையைக் குனிந்து வந்தவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அவர் கை தானாக அட்டை இருந்த சட்டைப் பைக்குப் போனது.

அவள் வாசலை விட்டு விலகினாள். "உள்ள வாங்கண்ணே" என்றாள்.

கை பையின் மேலேயே இருக்க, அவர் இன்னும் ஒரு கணம் அங்கேயே நின்றார்.