இரண்டு விலா எலும்பு

நாலு மாதம் கழித்து அன்று மாலைதான் மகள் அவன் வீட்டுக்கு வருவதாக இருந்தது. மனைவி லாரியில் அடிபட்டுச் செத்ததிலிருந்து குழந்தை மாமியார் வீட்டில். "அவர் கையில புள்ளையக் குடுக்கப் பயமா இருக்குடா" என்ற மாமியாரிடம் மச்சினன்தான் ஒற்றைக்காலில் நின்று சம்மதம் வாங்கினான். இருவருக்கும் ஒரே கார் பட்டறையில் வேலை.

"மாமா, இன்னைக்காவது தாடிய எடுங்க. பூச்சாண்டினு பாப்பா அலறப்போறா" என்றபடி மச்சினன் காருக்கு அடியில் புகுந்தான். வெளியே தெரிந்தவை இரண்டு கால்கள்தாம்.

மூலையில் யாரோ காற்றுக் குழாயைக் கழற்ற, புஸ்ஸென்று சத்தம். காரைத் தூக்கும் காற்று ஜாக்கி இறங்கும்போதும் அதே சத்தம்தான் வரும். மச்சினன் புகுமுன் காருக்கு நாலு பக்கமும் முட்டாக ஸ்டாண்டு கொடுத்தவனே அவன்தான். கார் இறங்க வழியே இல்லை. ஆனாலும் மச்சினனின் கணுக்கால்களைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தான். மச்சினனின் நெற்றி அடித்தகட்டில் மோதிக் கிழிந்தது. முகமெல்லாம் ரத்தம்.

நாலு மாதம் முன்பு இப்படித்தான் நடுரோட்டில் மனைவி கிடந்தாள். நெஞ்சை எங்கே அழுத்த வேண்டும் என்று பட்டறையில் முதலுதவிப் பயிற்சி எடுத்தவன், அன்று ஆம்புலன்ஸ் வரும்வரை மரம்போல் நின்றான்.

இன்று நிற்கவில்லை. கைகளைக் கோத்து மச்சினன் நெஞ்சில் இறக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று.

"மாமா! உசுரோடதான் இருக்கேன்! விடுங்க!"

பதினொன்று, பன்னிரண்டு. உள்ளே ஏதோ சுள்ளிபோல் முறிந்தது. பின்னாலிருந்து இழுத்த மேஸ்திரியின் மூக்கில் முழங்கை பாய்ந்தது. நாலு பேர் தரையில் அமுக்கியபோதும் அவன் வாய் எண்ணிக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் மச்சினனுக்கு ஏழு தையல். இரண்டு விலா எலும்பு முறிவு.

"அம்மாகிட்ட, வண்டி இறங்கிடுச்சு, நீங்கதான் காப்பாத்துனீங்கனு சொல்லிடறேன்" என்றான், மூச்சைப் பிடித்துக்கொண்டு. "மேஸ்திரி காட்டிக்குடுக்க மாட்டாரு. வீங்கி இருக்கற மூக்குக்கு அவர் பேசுனாலும் யாருக்கும் புரியாது."

அவன் நினைப்பெல்லாம் பாப்பா மேல். பாப்பாவுக்கு மூன்று வயது. தூங்கினால் மூச்சு விடுவதே தெரியாது.

வராந்தாவுக்குப் போய் மாமியாருக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

"பாப்பாவ இன்னைக்கு அனுப்பாதீங்க அத்தை."

"பைய மாட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்காளே மாப்ள..."

"உள்ள கூட்டிட்டுப் போங்க. நானே வந்து கேட்டாலும் கதவத் திறக்காதீங்க."