மூன்றரை நாள் வீடு

1987-ம் வருஷம் விஜயதசமி காலையிலிருந்து, தென்காசி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற சங்கரசுப்பிரமணியன் வீட்டுக்குள் மட்டும் ஒரு நாள் என்பது மூன்றரை நாளாக இருந்தது. வாசற்படிக்கு வெளியே தெரு வழக்கம்போல ஒரு நாளைக்கு ஒரு நாளாகத்தான் நடந்துகொண்டிருந்தது. உள்ளே காலை எட்டு மணிக்கு உறை ஊற்றிய பால் தெருவில் பத்து மணி அடிப்பதற்குள் கட்டித் தயிராகிவிடும். மாதத்துக்கென்று வாங்கிய அரிசி ஒன்பதாம் நாள் தீர்ந்துபோகும். சூரியன் மறைய நேரமாகும் என்பதால் வீட்டுக்காரர்கள் ஒரு பகலுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இரண்டு தூக்கம் தூங்கி எழுந்தார்கள். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் ஒவ்வொரு சொல்லையும் மலையேறி எடுத்துவருகிற மாதிரி பேசினார்.

இதற்குக் காரணம் ஒரு பச்சை அட்டை. சங்கரசுப்பிரமணியன் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவர். அவருடைய மைத்துனர் வாஞ்சிநாதன் 84-ல் சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுத்தார். பார்க்க டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். டிவிப் பெட்டியோடு இணைத்து, டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டு அது கீச்சுகீச்சென்று கத்தி முடித்த பிறகுதான் வேலைக்கு இறங்கும். சங்கரசுப்பிரமணியன் எட்டு மாதம் உட்கார்ந்து அதற்கு ஜாதகம் கணிக்கக் கற்றுக்கொடுத்தார். குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் மெயின் அருவிக்குப் போகிற வழியில் தட்டி கட்டி, ‘கம்ப்யூட்டர் ஜாதகம்’ என்று எழுதி உட்கார்ந்தார். கூட்டம் வந்தது, ஆனால் நிற்கவில்லை. ஒரு ஜாதகத்துக்குப் பெட்டி நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டது. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்களுக்கு அதற்குள் பசி வந்துவிடும். “அண்ணாச்சி, உங்க கம்ப்யூட்டர் சொல்லுததுக்குள்ள அந்தப் பலனெல்லாம் நடந்து முடிஞ்சிரும்” என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். மூன்று சீசன் இப்படிப் போனது. அவர் வாஞ்சிநாதனுக்குக் கடிதம் எழுதினார். 87 செப்டம்பரில் பஞ்சு வைத்துப் பொதிந்து அந்த அட்டை வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டரின் மூளையைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் இதைச் செருகினால் மூன்றரை மடங்கு வேகமாக ஓடும் என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது.

வந்தது ஆயுத பூஜை நெருங்குகிற சமயம். புதுச் சாமானைப் பூஜையில் வைக்காமல் வேலைக்கு எடுக்க அவர் மனைவி வாலாம்பாள் சம்மதிக்கவில்லை. பூஜையன்று சால்டரிங் அயர்ன், மீட்டர், கட்டிங் பிளேயர், சைக்கிள், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டுக்கொண்டே வந்தவள், அட்டையைக் கையில் எடுத்து எங்கே பொட்டு வைப்பது என்று கொஞ்சம் யோசித்தாள். கால் கால்களாக இருந்த கறுப்புச் சில்லுகள் அவளுக்கு மரவட்டை மாதிரி பட்டன. நடுவில் வெள்ளிபோல ஒரு சின்ன டப்பா மட்டும் வழுவழுவென்று நெற்றி மாதிரி இருந்தது. அங்கேயே வைத்தாள். அது அட்டையின் வேகத்துக்குத் தாளம் போடுகிற பளிங்கு இருக்கும் டப்பா என்பது சங்கரசுப்பிரமணியனுக்குத் தெரியும். ஆனாலும் அவர் துடைக்கவில்லை. சாமி முன்னால் இட்ட குங்குமத்தை எந்த மனுஷன் துடைப்பான்? அதுவும் மகள் உண்டாகியிருக்கிற வருஷத்தில்?

மறுநாள் காலை சரியாக ஏழு மணிக்கு அட்டையைப் பொருத்தி, தன்னுடைய ஜாதகத்தையே கொடுத்துப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் அதே நாற்பது நிமிஷம். மனசு விட்டுப்போய்த் தெருவில் வந்து நின்றார். அப்போதுதான் ஏழு பத்துக்கு வர வேண்டிய செங்கோட்டைப் பாசஞ்சர் ஊதிக்கொண்டு வந்தது. ரயில் அரை மணி நேரம் லேட் என்று நினைத்தார். டீக்கடைக் கடிகாரமும் ஏழு பதினொன்று என்றது. அவர் உள்ளே போய் இன்னொரு ஜாதகம் போட்டார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார். நாலாம் தடவை வாலாம்பாளைக் கூப்பிட்டுச் சொன்னார்: “பெட்டி ஓடலட்டி. வீடு ஓடுது.”

ஸ்விட்சை அணைத்தாலும் வீட்டின் ஓட்டம் நிற்கவில்லை, கரண்ட் போனாலும் நிற்கவில்லை. அட்டை குழியில் இருந்தாலே போதுமாயிருந்தது. அதை உருவிவிடலாம் என்று அவர் சொன்னபோது வாலாம்பாள் மறித்தாள். காய்ந்த சந்தனம், தொட்டாலே உதிர்ந்துவிடும். “இன்னும் இருபது நாள்ல பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்கு வாரா. இப்பப் போய் பொட்டை உதுப்பாகளா? மாவு சீக்கிரம் புளிக்கி, அம்புட்டுத்தானே. வயித்துப் பிள்ளை கணக்கு மாவுக் கணக்கா? அது சாமி கணக்குல்லா.” இதுதான் அவர்கள் செய்த தப்பு என்றால் தப்பு. பெற்றவள் யாரும் இப்படித்தான் நினைத்திருப்பாள்.

மகள் குழல்வாய்மொழியை மாசிக் கடைசியில் திருவேங்கடம் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளை பேர் கடற்கரை, புளியறையில் லாரி ஆபீஸ் வேலை. வாய் அதிராத பையன். வீட்டில் வாய் அவன் அம்மா உலகம்மாளுக்குத்தான். வானம் பார்த்த பூமியில் பருத்தியும் உளுந்தும் போட்டுத் தனியாக நின்று மகனை ஆளாக்கினவள். ஐப்பசியில், ஏழாம் மாசம் முடிகிற சமயம், உலகம்மாளே தன் கையால் வளையல் போட்டு மருமகளைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பினாள். பதினாறாம் நாள் குழல்வாய்மொழிக்கு வலி எடுத்தது. தெருவுக்குத்தான் அது பதினாறு நாள். அவளுக்கு ஐம்பத்தாறு. கணக்கில் சந்தேகம் இருக்கிற பிள்ளைகள் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், ஒன்றும் அவசரமில்லை.

எதிர்வீட்டு ஜாஹிரா பீவி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். காலை பத்தரைக்கு அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு ஓடிவந்தார். ஏழு மணி நேரம் கூட இருந்து பிள்ளையை எடுத்துக் கழுவிக் கொடுத்துவிட்டு, இருட்டியிருக்குமே என்று அவர் வெளியே வந்தபோது பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகை லுஹருக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அடுப்பில் வைத்த பருப்பு அப்போதுதான் மசிந்திருந்தது. பெண் குழந்தை. மூன்று கிலோவுக்கு மேல். தலைநிறைய முடி, சீராக வளர்ந்த நகம்.

தந்தி போய், உலகம்மாள் மறுநாளே வந்துவிட்டாள். படியேறவில்லை. வாசலுக்குக் கொண்டுவந்து காட்டிய பிள்ளையின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து நகத்தைப் பார்த்தாள். பிறகு தன் விரலை மடக்கினாள். “கல்யாணமாகி எட்டு மாசம். நான் வளையல் போட்டுப் பதினாறு நாள். எட்டு மாசப் பிள்ளைக்கு இம்புட்டு நகமா மதினி?” என்றாள். வாலாம்பாள் அட்டையையும் பொட்டையும் பற்றி ஆதியோடந்தமாகச் சொன்னாள். உலகம்மாள் பொறுமையாகக் கேட்டாள். “ஊர்ல தப்பு நடந்தா ஆம்பளை மேல பழி போடுவாக, பொம்பளை மேல போடுவாக. நீங்க பெட்டி மேல போடுதிய” என்று சொல்லிவிட்டு, நீட்டிய காப்பியைத் தொடாமல், வந்த பஸ்ஸிலேயே திரும்பினாள். கிளம்பும்போது சொன்னது இவ்வளவுதான்: “உங்க மக இங்கனயே இருக்கட்டும்.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை. அட்டையை உருவினால் பொட்டு உதிர்ந்துவிடும். வீடு சாதாரண வீடாகிவிடும், குழல்வாய்மொழி மேல் தப்பில்லை என்று காட்ட ஊரில் ஒன்றும் மிஞ்சாது. உருவாமல் விட்டால் பிள்ளை ஒரு நாளைக்கு மூன்றரை நாள் வளர்ந்துகொண்டே போகும். பார்க்கிறவர்களுக்கு அந்த வளர்த்தியே சாட்சியாகிவிடும், அதுவும் எதிர்த்தரப்புச் சாட்சி. நாற்பத்தொரு நாள் தீட்டு பன்னிரண்டாம் நாளே கழிந்தது. கூட்டிப்போகத்தான் யாரும் வரவில்லை. பிள்ளைக்குப் பேரும் வைக்கவில்லை. முதல் பெண்பிள்ளைக்கு அப்பனைப் பெற்றவள் பேர்தான். பேருக்குச் சொந்தக்காரி வாசலோடு போய்விட்டாளே. “ஏட்டி” என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். அதற்கே அது சிரிக்கப் பழகி, குப்புற விழப் பழகியது.

கடற்கரை ஒரு சனிக்கிழமை காலை மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு, புளியறையில் லோடு விஷயம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தென்காசிக்கு வந்தான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி இருந்தான். கிளம்பும்போது குழல்வாய்மொழி கேட்டாள், “நீங்களாவது நம்புதியளா?” அவன், “பெத்தவன் நான் இல்லன்னா இவளுக்கு இந்தக் காது எங்க இருந்து வந்துச்சு?” என்று தன் விடைத்த காதைத் தொட்டுக் காட்டினான். “ஆனா அம்மாகிட்ட சொல்ல எனக்கு வாய் வராதுட்டி.” திங்கட்கிழமை காலை வீட்டுக்குள் நுழைந்தவனை உலகம்மாள் மேலும் கீழும் பார்த்தாள். “ஏலே, புளியறையில பிளேடு கிடைக்கலையோ?” என்றாள். கிட்டே வந்து அவன் தாடையைத் தடவினாள். இரண்டு நாள் முடி இல்லை அது. ஒரு வாரத்து முடி. அவன் வாய் சொல்லாததைத் தாடி சொல்லிவிட்டது. சாயங்காலம் பாசிப்பயறும் தட்டாம்பயறும் எடுத்து ஊறப்போட்டாள்.

அவர்கள் ஊர் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு வருஷாவருஷம் முளைப்பாரி போடுகிறவள் உலகம்மாள். இருட்டறையில் வளர்கிற பயிரை விரலால் தொட்டே இது மூன்றாம் நாள், இது ஐந்தாம் நாள் என்று சொல்லிவிடுவாள். அந்தக் கை பிசகியதாக ஊரில் பேச்சே கிடையாது. மார்கழி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள் காலை, தன் காட்டு மண்ணும் எருவும் போட்டு, ஒரே பிடி பயறை இரண்டு சட்டியில் பிரித்து விதைத்து, வாயைத் துணியால் மூடித் தனக்கு மட்டும் தெரிந்த முடிச்சுப் போட்டு, தென்காசிக்குப் பஸ் ஏறினாள். பிள்ளை பிறந்து அன்றைக்கு நாற்பத்திரண்டாம் நாள். உள்ளே ஐந்து மாதப் பிள்ளை எச்சில் வடிய விரலைக் கடித்துக்கொண்டிருந்தது. உலகம்மாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு சட்டியை வாசலிலேயே வாலாம்பாளிடம் கொடுத்தாள். “இருட்டுல வையுங்க. துணி மேலேயே தண்ணி தெளிச்சாப் போதும். முடிச்சைத் தொடக் கூடாது.” இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய், “ஏ பீவி, ரெண்டு நாளைக்கு ஒரு மூலை கொடு” என்றாள். ஜாஹிரா பீவி சிரித்துக்கொண்டே, “மூலை என்ன ஆச்சி, கட்டிலே தாரேன். பருப்பு மட்டும் கேக்காதீய, அந்தக் கதையச் சொன்னா நீங்க நம்ப மாட்டிய” என்றார்.

அந்த இரண்டு நாள் குழல்வாய்மொழிக்கு ஏழு நாள். ஜன்னலோரம் பிள்ளையோடு உட்கார்ந்து எதிர்வீட்டு வாசலையே பார்த்தாள். அங்கே மாமியார் காப்பி டம்ளரைத் தூக்கினால் அது வாய்க்குப் போய்ச் சேர நெடுநேரமாகும். அவள் ஒரு தடவை முந்தானையை உதறிச் செருகுவதற்குள் இங்கே பிள்ளைக்குப் பாதிப் பால் கொடுத்துவிடலாம். இருட்டறையில் துணி மேல் தண்ணீர் தெளிக்கிற நேரமெல்லாம், சட்டியில் ஒன்றும் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று துணி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். நாலாம் நாள் துணி லேசாக மேடு தட்டியது. ஆறாம் நாள் கூடாரம் மாதிரி நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்துத்தான் அவள் அந்த வாரத்தில் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டாள்.

தெருக் கணக்கில் மூன்றாம் நாள் விடிந்ததும் இரண்டு சட்டியையும் தெருவில் வைத்தார்கள். பால்காரரும் டீக்கடைக்காரரும் வந்து நின்றார்கள். உலகம்மாள் முதலில் முடிச்சைப் பார்த்தாள். அவள் போட்டபடியே இருந்தது. தன் சட்டியை அவிழ்த்தாள். பயறு வாய் பிளந்து வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. அந்த வீட்டுச் சட்டியை அவிழ்த்தாள். சாண் உயரத்துக்கு மஞ்சள் பயிர் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு எழுந்தது. ஒரு தண்டைக் கிள்ளி நசுக்கிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். “ஏழு நாள்” என்றாள். அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருந்த மண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு, படியேறி உள்ளே போனாள்.

“காப்பி இருக்கா மதினி?” என்று வாலாம்பாளிடம் கேட்டாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். “பிள்ளையக் கொடுட்டி. ரெண்டு நாள் நான் அங்கன சும்மா உக்காந்துட்டேன், இவ ஒரு வாரம் வளந்துட்டாளே.” குழல்வாய்மொழி உடனே கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் கொடுத்தாள். உலகம்மாள் அதைத் தாங்கிக்கொண்டாள். தாங்க வேண்டியதுதானே. பிள்ளையின் விடைத்த காதைத் தடவிக்கொண்டே குனிந்து, தன்னுடைய பேரையே அதில் மூன்று தடவை சொன்னாள்.

அட்டையை உருவலாமா என்று சங்கரசுப்பிரமணியன் திருப்புளியோடு வந்தபோது உலகம்மாளே வேண்டாம் என்றாள். “இருக்கட்டும் அண்ணாச்சி. அடுத்த பேறையும் இங்கனயே வச்சுக்கிடுவோம், மூணு மாசத்துல முடிஞ்சிரும்.” குழல்வாய்மொழி தலைநிமிராமல், “சுமக்கவளுக்குப் பத்து மாசந்தான் அத்தை. வெளிய காத்துக்கிட்டு இருக்கவகளுக்குத்தான் மூணு” என்றாள். உலகம்மாள் காப்பியை ஆற்றிக் குடித்தாள். அன்று மத்தியானமே மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போனாள்.

அட்டை அங்கேயே இருக்கிறது. 88 சீசனில் சங்கரசுப்பிரமணியன் தட்டியை வீட்டு வாசலுக்கே மாற்றிவிட்டார். குற்றாலத்தில் குளித்துவிட்டு டவுன் பஸ் பிடித்து வருகிறவர்கள் தெருவிலேயே நின்று, தலை காய்வதற்குள் ஜாதகம் வாங்கிப் போகிறார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கூடத்தில் வந்து உட்கார்ந்து மூன்றரை நாள் படித்துவிட்டுப் போகும். வாலாம்பாளுக்குக் காதோரம் நரை கூடிவிட்டது. மத்தியான வேளைகளில் அவள் எதிர்வீட்டில் போய் இருந்து வயசை மிச்சம் பிடிக்கிறாள். ஆயுத பூஜைக்குப் புதுப் பொட்டைப் பழைய பொட்டின் மேல் வைக்காமல் பக்கத்தில் வைக்கிறாள். திருவேங்கடத்தில் கொடை நெருங்கினால், மற்றவர்கள் ஒரு வாரம் முன்பே விதைத்துவிட்டுக் காத்திருக்க, உலகம்மாள் இரண்டு நாள் முன்னால்தான் சட்டியைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்கு வருகிறாள். இருட்டறையில் சட்டியை வைத்துவிட்டுச் சம்பந்திகள் இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். திரும்பும்போது பயிர் சாண் உயரம் இருக்கிறது. இரண்டே நாள் போய்விட்டு ஒரு வாரத்துப் பேச்சைக் கொண்டுவருகிறாள் என்று கடற்கரை சொல்லுவான். மற்றபடி ஊரில் அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை.