தாய்ப்பால் அறையின் அலாரம்

கண்ணுகளா, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்காகச் சில ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பாலைச் சின்னச் சின்னப் பைகளில் உறையவைத்திருப்பார்கள். இந்த ஆஸ்பத்திரியில் அந்த ஃப்ரீசருக்குக் காவல் ஒரு கம்ப்யூட்டர். குளிர் குறைந்தால் அதிலுள்ள புரோகிராம் அலாரம் அடிக்கும்.

பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் கண்ணை மூடியது. புதிதாக வந்ததிலும் கம்ப்யூட்டரை இயக்குவது லினக்ஸ்தான், ஆனால் வேறு வகை. லினக்ஸ்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. முகஜாடை ஒன்று, பிடிவாதம் வேறு. புரோகிராமை எழுப்பிவிடும் பழைய கட்டளை வரிகளைப் புதியது சீந்தவே இல்லை. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்காரி அரைநாள் மல்லுக்கட்டி, அதன் போக்குக்கு மாற்றி எழுதி ஓடவிட்டாள். ஃப்ரீசர் கதவைத் திறந்து பிடித்தாள். அலாரம் ஊரைக் கூட்டியது.

"யம்மா, உன்னைவிடப் பெரிய வாயா இருக்கே!" நர்ஸ் காதைப் பொத்திக்கொண்டாள்.

"இதாவது என் பேச்சைக் கேக்குதேன்னு சந்தோஷப்படுங்க சிஸ்டர்."

அந்த ஃப்ரீசரில் கம்ப்யூட்டர்காரியின் தங்கை பாலும் இருந்தது. தங்கைக்கு ஏழாம் மாதமே பிறந்த மகள், கண்ணாடிப் பெட்டிக்குள். காய்ச்சலில் தங்கைக்குப் பால் வற்றிவிட்டது. முன்பு பீய்ச்சி வைத்ததுதான் மிச்சம்.

"பத்திரமா இருக்குமாக்கா?"

"நான் பாத்துக்கறேண்டி. நீ போய்ப் படு."

பாவி, ஒன்றை விட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் அணைந்து எழும்போதெல்லாம் நீயும் எழு என்று புரோகிராமுக்கு இந்த வகையில் தனியாக ஒரு வரி எழுத வேண்டும். பழையதில் எவரோ எப்போதோ செய்துவைத்திருந்ததால் அவளுக்கு அது தோன்றவே இல்லை. ஒருதரம் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஞாயிறன்று கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்தது, புரோகிராம் எழவில்லை. கரண்ட் வந்த வேகத்தில் ஃப்ரீசருக்கு ஃபியூஸ் போயிருந்ததை யாருக்கும் சொல்ல ஆளில்லை. திங்கள் காலை நர்ஸ் திறந்தபோது பைகளெல்லாம் தொளதொளத்துக் கிடந்தன.

இனிப் பவுடர் பால்தான் என்றார் டாக்டர். குழந்தையின் வயிறு தாங்குமா என்று தங்கை கேட்டதற்கு, "பாப்போம்" என்றார்.

"கரண்ட் போனா நீ என்னக்கா பண்ணுவே?"

"கரண்ட் இல்லடி. நான் ஒரு வரி எழுதாம விட்டுட்டேன்."

தங்கை தன் பைகளை நர்ஸிடமிருந்து வாங்கிக்கொண்டு, கழுவும் தொட்டியில் கொட்டப் போனாள்.

அக்கா உட்கார்ந்து அந்த வரியை எழுதினாள். அணைத்தாள், போட்டாள். இம்முறை புரோகிராம் தானே எழுந்தது. குளிரில்லாத ஃப்ரீசரைக் கண்டு அலறியது.

"அதை நிறுத்துக்கா," என்றாள் தங்கை, திரும்பாமல். "பிள்ளைங்க தூங்குது."

அடுத்த பையைக் கிழித்தாள்.