ஏழாவது பேட்ச்

பெட்டிக்குள் பிள்ளை மாட்டிக்கொண்டது என்று போனில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். எங்கள் பூட்டுக் கம்பெனிக்கு அப்படித்தான் போன் வரும். சாவி கிணற்றில் விழுந்துவிட்டது, சாவியை மாமியார் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார் என்று தினம் ஒரு கதை. மறுமுனையில் அந்த ஆள் தேம்பித் தேம்பி அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவர் சின்னாளபட்டி சேலை வியாபாரி மொக்கைச்சாமி. ஆள் உயர இரும்புப் பெட்டகம் ஒன்றைப் போன வாரம்தான் எங்களிடம் வாங்கியிருந்தார். சரக்கு எதையும் இன்னும் அடுக்கவில்லை. இரண்டு சாவிகளையும் அதன் உள்ளறையிலேயே போட்டுவிட்டு, கதவைத் திறந்து வைத்திருந்தார். நாலு வயது மகள் பரணி கண்ணாமூச்சி ஆடப்போய் உள்ளே ஒளிந்திருக்கிறாள். கதவு சாத்திக்கொண்டது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு அது. அந்தப் பெருமையைச் சொல்லித்தான் அவர் தலையில் கட்டினோம்.

கேஸ் வைத்து அறுக்கலாம் என்றால் சூடும் புகையும் உள்ளேதான் போகும். வரவழைத்த வெல்டர் பெட்டகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டாராம். காற்றுப் புக ஒரு ஊசித் துவாரம் கிடையாது, ட்ரில் போட்டாலும் இறங்காத இரும்பு. உள்ளேயிருந்து பிள்ளை தட்டுவது மட்டும் கேட்கிறதாம். அப்போது காலை மணி பதினொன்று. அவள் உள்ளே போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

இது 1989 டிசம்பரில் நடந்தது. என் பெயர் ஒச்சம்மாள். திண்டுக்கல்லில் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டது நான்தான். ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அதன் சாவியில் எந்தப் பல் எவ்வளவு ஆழம் என்பதற்கு ஆறு எண்கள் உண்டு. அந்த ஆறும் தெரிந்தால் போதும், எங்கள் சாவி வெட்டுகிற பாஸ்கல் அண்ணன் பழைய சாவியைப் பார்க்காமலே புதிதாக ஒன்று வெட்டிவிடுவார். முன்பெல்லாம் இவை நோட்டில் இருந்தன. கம்ப்யூட்டர் வந்த மாதமே முதலாளி பொம்மையன் அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குத் தூக்கிப் போட்டுவிட்டார். இனி எல்லாம் மிஷின்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மொக்கைச்சாமியின் பெட்டகம் வரிசை எண் 2311. தட்டினேன். திரையில் ஆறு எண்கள் வந்தன. முதலாளி பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். எனக்கு அப்போதே பயம் பிடித்துக்கொண்டது. 2048-ஐத் தாண்டிய எண் அது.

ஏன் பயந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மனசுக்குள் வைத்துப் புழுங்கினது போதும்.

கம்ப்யூட்டரில் எண்களைச் சேர்த்துவைத்துத் தேடித் தருவது டேட்டாபேஸ் என்ற புரோகிராம். அதில் ஓட்டை கண்டுபிடித்தால், விற்ற பெங்களூர்க்காரர்கள் டேப்பில் ஒரு பேட்ச் அனுப்புவார்கள். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுவது மாதிரிதான். அந்த அக்டோபரில் ஏழாவது பேட்ச் வந்தது. கூடவே ஒரு தாள். பதிவுகள் 2048-ஐத் தாண்டினால், தாண்டிய பதிவுகளைத் தேடும்போது புரோகிராம் தவறான பதிவைக் காட்டக்கூடும், உடனே பேட்ச் போடவும் என்று எழுதியிருந்தது. டேப் இரண்டு. முதல் டேப், பேட்ச் எண்ணைக் குறித்துவைக்கும் சின்ன ஃபைலில் 7 என்று எழுதும். இரண்டாவது டேப்தான் புரோகிராமையே மாற்றும்.

முதல் டேப்பைப் போட்டு முடித்தபோது ஆயுத பூஜைக்கு நேரமாகிவிட்டது. மிஷினை அணைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டால் மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. லேத்துக்கும் அப்படித்தான், கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தது நான். சும்மா வைத்தேனா? டேப் போடுகிற வாயைச் சுற்றிச் சந்தனத்தைக் குழைத்து அப்பினேன், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று. மறுநாள் இரண்டாவது டேப்பைப் போட்டேன். காய்ந்த சந்தனம் உள்ளே உதிர்ந்திருந்ததால், மிஷின் டேப்பை மென்று துப்பிவிட்டது.

முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். பெங்களூரிலிருந்து வேறு டேப் வந்திருக்கும். ஆனால் ஆறு லேத்துக்காரர்களும் நாலு பேக்கிங்காரர்களும் இருக்கிற இடத்தில், கம்ப்யூட்டரை ஒரு பொம்பளையிடம் கொடுத்தால் இப்படித்தான் என்று பேசுவார்களே. அதைக் கேட்க எனக்குப் பொறுக்காது. சனவரியில் பெங்களூர் எஞ்சினியர் வரும்போது நைசாகப் போட்டுக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மாதம் ஒன்றாம் தேதி எந்தப் பதிப்பு, எத்தனையாவது பேட்ச் என்று பிரிண்ட் எடுத்து பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். அதற்கு நானே ஐந்து வரியில் ஸ்கிரிப்ட் என்கிற குட்டிப் புரோகிராம் ஒன்று எழுதி வைத்திருந்தேன். முறைப்படி டேட்டாபேஸில் மற்ற வேலையையெல்லாம் நிறுத்தி, அதனிடமே கேட்க வேண்டும். பத்து நிமிடம் ஆகும், சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச்காரர்கள் கத்துவார்கள். என் ஸ்கிரிப்ட் அதைக் கேட்காது. அந்தச் சின்ன ஃபைலைப் படித்து, அதில் இருப்பதை அப்படியே ஒப்பிக்கும். அக்டோபருக்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அது 7 என்று சொன்னது, நானும் கையெழுத்துப் போட்டேன்.

பிள்ளை மாட்டிக்கொண்ட அன்றைக்கும் அந்த ஸ்கிரிப்டைத்தான் ஓட்டினேன். பதிப்பு 4.1, பேட்ச் 7. முதலாளி கேட்டார், "எல்லாம் சரியா இருக்குல்லம்மா? பிள்ளை உசுரு."

"சரியா இருக்குங்கய்யா."

அடிப்பாவி, அந்த ஒரு வார்த்தைக்கு இன்றைக்கும் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பாஸ்கல் அண்ணன் தலை நிமிராமல் வெட்டினார். முக்கால் மணி நேரம். நான் அவர் முதுகையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரியாகவே இருக்கலாம், தவறான பதிவு எப்போதாவதுதான் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினொன்றே முக்காலுக்கு முதலாளி சாவியோடு ஜீப்பில் ஏறினார். ஜீப் கேட்டைத் தாண்டியபோது பாஸ்கல் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே ஒன்று சொன்னார். அந்தப் பெட்டகத்தில் தப்புச் சாவியைப் போட்டு அழுத்தித் திருப்பினால் உள்ளே ஒரு காவல் தாழ் விழுந்துவிடும், அப்புறம் சரியான சாவியைப் போட்டாலும் திறக்காது என்றார். திருடனுக்காக வைத்த ஏற்பாடு. எனக்கு அது அதுவரை தெரியாது.

உள்ளே ஓடினேன். டெஸ்பாட்ச்காரரைத் திரையை விட்டு எழுப்பிவிட்டேன். அவர் கத்தினார், கத்தட்டும். டேட்டாபேஸில் மற்ற வேலையை நிறுத்தி, அதனிடமே நேராகக் கேட்டேன். பத்து நிமிடம். பேட்ச் 6 என்று வந்தது.

எந்தப் பதிவைக் காட்டுகிறது என்று தெரிய வேண்டும். ஆபீஸில் மாதிரிக்கு நின்ற பெட்டகம் 2290. சாவி ஆணியில் தொங்கியது. டேட்டாபேஸை மறுபடி கிளப்பி 2290 என்று தேடினேன். வந்த எண்களுக்கும் அந்தச் சாவியில் பாஸ்கல் அண்ணன் அளந்து சொன்ன எண்களுக்கும் சம்பந்தமே இல்லை. 2289 என்று தேடினேன். ஆறும் அச்சாகப் பொருந்தியது. கேட்பதற்கு அடுத்ததைக் காட்டுகிறது. அப்படியானால் முதலாளி கொண்டுபோவது 2312-ன் சாவி. 2310 என்று தேடி, வந்த எண்களைக் கையிலேயே எழுதிக்கொண்டு போய் அண்ணன் முன்னால் நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வெட்ட ஆரம்பித்தார்.

மொக்கைச்சாமி கடைக்குப் போன் கிடைக்கவில்லை. டயலைச் சுற்றிச் சுற்றி விரல் வலித்தது. ஆறு தடவையும் எங்கேஜ். ஏழாவது தடவை மணி போயிற்று. முதலாளியே எடுத்தார். சாவியைப் போட்டாச்சு, பாதி திரும்பி இறுகுது, புதுசுல்ல, செத்த எண்ணெய் விட்டு ஓங்கித் திருப்பப் போறோம் என்றார்.

"திருப்பாதீங்கய்யா. அது தப்புச் சாவி."

"என்னம்மா சொல்ற? மிஷின் சரின்னியே."

"நான் சொன்னது பொய்ங்கய்யா."

பாஸ்கல் அண்ணன் ரிசீவரைப் பிடுங்கினார். சாவியில் யார் கை இருக்கிறது என்று கேட்டார். அந்த ஆளை அசையாமல் நிற்கச் சொல்லி, எந்தப் பக்கம் எவ்வளவு விட வேண்டும் என்று, தூங்குகிற பிள்ளையிடம் பேசுகிற குரலில் சொல்லிக்கொண்டே போனார். காவல் தாழ் விழாமல் சாவி வெளியே வந்துவிட்டது என்று தெரிந்ததும்தான் அவர் நெற்றியைத் துடைத்தார். போனை வைக்கும் முன் முதலாளி சொன்னது எனக்கே கேட்டது. தட்டுற சத்தம் நின்னுபோச்சு பாஸ்கலு.

மீதிப் பல்லை வெட்டி முடிக்க அரை மணி நேரம் ஆனது. பாஸ்கல் அண்ணன் மொபெட்டின் பின்னால் நான் உட்கார்ந்தேன். பதினோரு கிலோமீட்டர். சாவியை உள்ளங்கையில் வைத்து இறுக்கியதில் பல் பதிந்து ரத்தம் கசிந்தது. லாரிகள் உரசிக்கொண்டு போயின. வழியெல்லாம் நான் அந்தப் பிள்ளையிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன், வாரேன் தாயி, தூங்கிராத, இந்தா வந்துட்டேன் என்று. அண்ணனுக்குக் கேட்டிருக்கும்.

கடை வாசலில் தெருவே கூடியிருந்தது. தறிச் சத்தம் எங்கும் இல்லை. பிள்ளையின் அம்மா கௌசல்யா பெட்டகத்தில் கன்னத்தை வைத்து ஒட்டிக் கிடந்தாள். உள்ளே இரண்டரை மணி நேரம். சாவியை முதலாளியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீயே போடு," என்றார்.

சாவியைத் துவாரத்தில் போட்டேன். நம்பர் சரிதானா? 2310 கேட்டால் 2311 வரும் என்று ஒரே ஒரு பூட்டைப் பார்த்துத்தானே முடிவு கட்டினேன்? திருப்பினேன். பாதியில் இறுகும் என்று காத்திருந்தேன். இறுகவில்லை. முழுசாகச் சுற்றியது.

பிள்ளை அடித்தட்டில் சுருண்டு கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தலைமுடி வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. கௌசல்யா வாரி எடுத்துத் தெருக்காற்றில் நிறுத்தி முதுகைத் தடவினாள். பிறகு பரணி இருமினாள். இருமி, வாந்தி எடுத்து, வீல் என்று அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும் நான் சேலை மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மொக்கைச்சாமி எல்லாரையும் கும்பிட்டார். டாக்டரைக் கூட்டிவர ஆள் ஓடியது. கௌசல்யா நேராக என்னிடம் வந்து பிள்ளையை என் மடியில் வைத்தாள். "எம் பிள்ளைய நீதாம்மா எனக்குத் திருப்பிப் பெத்துக் குடுத்திருக்க. நீ நல்லாருப்ப." பிள்ளை என் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. முதலாளி என்னைப் பார்த்து, எதையும் சொல்ல வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினார். கம்பெனி பேர் கெட்டுவிடக்கூடாது என்பது அவர் கவலை.

"அக்கா, மொதச் சாவி தப்பா வந்தது என்னாலதான். மிஷின் தப்பாச் சொல்லும்னு எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும். தெரிஞ்சும் இன்னைக்குச் சரின்னு சொன்னேன்."

கௌசல்யா என்னைத் திட்டவில்லை. குனிந்து, என் முந்தானையிலிருந்து பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.